தகடு வைத்து எடுத்த படங்கள்

முதல் படத்தில் ஒன்றும் தெரியவில்லை.
கை ஆடிவிட்டது என்றாள் அம்மா.
வீடே ஆடியிருக்கு, கை ஆடினால் என்ன என்று
அப்பா சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

ஞாயிற்றுக்கிழமை, பதினொன்றே முக்கால்.
சட்டியில் சாளை கொதித்துக்கொண்டிருந்தது.
தரைக்கு அடியில் யாரோ
டிப்பரின் பின்கதவைத் திறந்துவிட்டதுபோல் ஒரு சத்தம்.
கொடியில் கிடந்த பாவாடைகள்
காற்றில்லாமல் ஆடின.

செவ்வாயன்று வி.ஏ.ஓ. வந்து
அதிர்ச்சி எதுவும் பதிவாகவில்லை என்றார்.
ஞாயிற்றுக்கிழமை
நாங்கள் வெடி வைப்பதில்லை என்றது குவாரி.
ஆக, எங்கள் சுவர்
தானாகவே யோசித்து விரிந்திருக்கிறது.

பிறகுதான் முறையாக எடுக்க ஆரம்பித்தோம்.
தம்பி பேச்சிராஜா போனைப் பிடிப்பான்.
அக்கா ஆவுடைச்செல்வி டார்ச் அடிப்பாள்.
அம்மா, பீடி இலை வெட்டுகிற தகட்டை
விரிசலுக்குப் பக்கத்தில் வைப்பாள்,
அளவு தெரியணும்லா என்று.
வாசப்படிக்கு மேலே: தகட்டில் பாதி அகலம்.
அடுக்களை மூலை: ஒரு பீடி நுழையும்.
நுழைத்தே காட்டினாள். படம் பதினேழு.
இருபத்துமூன்று,
இசக்கியம்மனை ஆணியிலிருந்து இறக்கி
கட்டிலில் படுக்க வைத்துவிட்டு எடுத்தது.

ஆலங்குளம் ஸ்டூடியோக்காரர்
பிரிண்ட்டுகளை எண்ணிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்:
"என்னம்மா, ஒரு ஆளையும் காணலியே?"

அப்பா அந்தக் குவாரியில்தான் வண்டி ஓட்டுகிறார்,
பதினொரு வருஷமாய்.
மலையைத் தார்ப்பாய் போட்டு மூடி
கேரளாவில் இறக்கிவிட்டு வருவார்.
ராத்திரி, சாப்பிட உட்காரும் முன்
தம்பியின் போனை வாங்கி
ஒவ்வொன்றாய்த் தள்ளிப் பார்ப்பார்.
ஒன்றையும் அழித்ததில்லை.
ஒரு நாள் மட்டும்,
"இதுல வெளிச்சம் பத்தல, திரும்ப எடுங்க" என்றார்.

தாலுகா ஆபீசில் கேட்டார்கள்:
முன்னாடி சுவர் நல்லா இருந்ததுக்கு
படம் இருக்கா?

நல்ல சுவரை யார் படம் எடுப்பார்கள்?

ஆல்பத்தை இறக்கினோம்.
அக்கா சடங்கான அன்று
அலங்கார நாற்காலிக்குப் பின்னால் தெரிகிற
ரோஸ் சுவரை
முகங்களை விலக்கி விலக்கிப் பார்த்தோம்.
தம்பிக்குக் காது குத்தின படத்தில்
மாமாவின் வழுக்கைக்கு மேலே நல்ல சுவர்.
வீரவநல்லூர்ப் பெரியம்மை
(செத்து ஆறு வருஷம் ஆகிறது)
முந்தானையால் வாயைத் துடைத்தபடி நிற்கிறாள்.
அவள் தோளுக்கு வலப்பக்கம் நல்ல சுவர்.
கூடப்பிறந்தவளைத் தாண்டிப் போய்
சுண்ணாம்பைப் பார்த்தாள் அம்மா.

கடைசியாக அந்தப் படம்.
அப்பா குவாரியில் வாங்கிய முதல் சம்பளத்தில்
வந்த டி.வி.க்குப் பொட்டு வைத்து
எல்லாரும் நிற்கிறோம்.
ஜன்னல் மூலையிலிருந்து
தலைமுடிபோல் ஒன்று கீழே இறங்குகிறது.
தம்பி நகத்தால் சுரண்டினான்.
போகவில்லை.

"இதைக் கொடுத்தா
முன்னாடியே இருந்துச்சுன்னு சொல்லிருவாங்க."
அக்கா அதைத் தனியே எடுத்து வைத்தாள்.
அம்மா திரும்ப அடுக்கில் வைத்தாள்.
அக்கா மறுபடி எடுத்தாள்.

அப்பா வாங்கி
குழல்விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தார்.
"நான் சேரும்போதே
ரெண்டு வருஷமா வெடிச்சிக்கிட்டுதான் இருந்தாவ."
அதற்கு மேல் பேசவில்லை.
பின்பக்கம் தேதி எழுதச் சொன்னார்,
தெரிந்த மட்டும் மாசமும் வருஷமும்.
பிறகு சாப்பிட்டார்.
மீன் முள்ளை ஓரமாய் ஒதுக்கி வைக்க
ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

படம் நாற்பத்தொன்று:
அதே ஜன்னல் மூலை, இன்றைக்கு.
தகட்டைப் பிடித்திருப்பது அம்மா இல்லை.
நகக்கண்ணெல்லாம் வெள்ளைப் பொடி.
தகடு கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.
திரும்ப எடுக்கவில்லை.