கிடங்கு என்று ஒரு பெயர்

இரண்டு பத்துக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இருமி எழுந்தபோது
சர்வர் முந்திக்கொண்டது,
டிஸ்க் பிந்திவிட்டது.
மங்கலம் ரோட்டுச் சாயப்பட்டறையில்
அன்று நடந்தது அவ்வளவுதான்.

டிஸ்க் வந்து உட்கார
நான் போட்டுவைத்த மணைக்குப் பெயர் கிடங்கு.
அதையே டேட்டாபேஸுக்கு வீடாகவும் காட்டியிருந்தேன்.
வந்து பார்த்தது:
பெயர் இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை.
புதுக்கணக்கு போலிருக்கிறது என்று
பிள்ளையார் சுழி போட்டுவிட்டது.

துளசிமணி போன் செய்தாள்.
"ஏனுங்ணா, லாட் நம்பரு ஒண்ணுல இருந்து வருதுங்க.
மாத்திப் போட்டீங்களா?"
தூக்கத்தில் "ஆமா, போடு" என்றேனாம்.

போட்டாள்.
நேவி முந்நூறு கிலோ, அறுபது டிகிரி.
உப்பு, சோடா, கொஞ்சம் கூடுதல் சோடா.
மெரூன் திட்டுத்திட்டாய் வந்து
மறுபடி தொட்டியில் இறங்கியது வரை
விடிய விடிய நாற்பத்தோரு வரி.

காலையில் எல்லாவற்றையும் நிறுத்தி
டிஸ்கை ஏற்றினேன்.
நாலு வருஷமும் திரும்பி வந்தது.
நாற்பத்தொன்றைக் காணோம்.

எங்கும் போய்விடவில்லை.
நாலு வருஷம் மேலே சம்மணம் போட்டிருக்க
அந்த ஒரு ராத்திரி
அதே பெயருக்கு அடியில் மூச்சடக்கிக் கிடந்தது.
டிஸ்கை இறக்கினால் அது, ஏற்றினால் இது.
வேலையே இல்லாமல் இரண்டு தரம்
ஏற்றி இறக்கிப் பார்த்தேன்.

"டிஸ்க் நல்லாத்தான இருக்குது, அப்பறம் என்ன?"
என்றார் முதலாளி மயில்சாமி. டீ சொன்னார்.

வரி வரியாய் எடுத்து மேலே சேர்த்தேன்.
முதல் வரியின் குறிப்புக் கட்டத்தில் இருந்தது:
அண்ணன் போடச் சொன்னாங்க.

அதை அழிக்கவில்லை.

இப்போது கிடங்குக்குள் ஓர் அறை.
அறை டிஸ்கோடு வரும், டிஸ்கோடு போகும்.
டேட்டாபேஸ் அங்கேதான் குடியிருக்க வேண்டும்,
வாசலில் பாய் விரிக்கக் கூடாது.
வாசலில் எழுத அதற்கு அனுமதியும் இல்லை.
டிஸ்க் வராத ராத்திரியில்
அறையே இருக்காது.
அறை இல்லையென்றால் எழாதே,
சிவப்பில் நாலு வரி கத்திவிட்டுப் படு
என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஐப்பசியில் ஒரு இடி.
மூன்று மணிக்குப் போன்.
"ஏனுங்ணா, ஓடவே மாட்டேங்குதுங்க."

எழுந்து உட்கார்ந்தேன், விளக்கைப் போட்டேன்.
நல்லது துளசி,
எதையும் போடாதே, வருகிறேன்.