இடைவேளையில் பெனடிக்ட் மெத்தை

எட்டுச் சொல்லுக்கு
ஆயிரத்து ஐந்நூறு பேசி ஆயிரம் தந்தார் பெனடிக்ட்.
மிச்சம் பெருநாள் கழிஞ்சு என்றார்.
எந்தப் பெருநாள் என்று நான் கேட்கவில்லை.

திங்கள்சந்தையில் ஜன்னலோரம் கிடைத்து
இரணியல் வருவதற்குள்
டிக்கெட்டின் பின்பக்கம் எழுதி முடித்த வரி:
கடல் தூங்காது, நீ தூங்கு
பெனடிக்ட் மெத்தையில் நீ தூங்கு.

"கடல் எதுக்கு பிள்ளே இதுல?
நல்ல பஞ்சுன்னு எழுது."
"கொளச்சல்லயும் விக்கணும்லா அண்ணாச்சி."
கொஞ்ச நேரம் யோசித்து
கடலையும் வாங்கிக்கொண்டார்.

மார்த்தாண்டத்து ஸ்டுடியோவில் சுஜின்
கீபோர்டில் மூன்று சுரம் போட்டான்.
லோக்கல் கேபிளில் நாலு வருடம்,
செய்திக்கு முன்னும்
மரண அறிவித்தலுக்குப் பின்னும் ஓடியது.

இன்று ஒன்பதாம் திருவிழா.
குளச்சல் மணலில் மேடை, திருவனந்தபுரத்துப் பேண்டு.
ஒலி ஒளி உபயம் பெனடிக்ட்.
ரீல்ஸ் எடுக்க நான்.

பேஸ் கிட்டார் காதுக்கு வரும் முன்பே
செருப்புக்குள் மணல் அசைந்தது.
சினிமாப் பாட்டுக்கெல்லாம்
செல்போன் வெளிச்சங்கள் ஒரே பக்கம் சாய்ந்து
ஒரே பக்கம் நிமிர்ந்தன.
அந்த ஷாட் எனக்கு வேண்டும், எடுத்துக்கொண்டேன்.

"இனி என் சொந்தப் பாட்டு" என்றாள் தீர்த்தா.
சொந்தம் என்று கேட்டதும்
பாதிப்பேர் சுக்குக் காப்பிக்கு எழுந்தார்கள்.
நல்ல பாட்டு.
இரண்டாம் சரணத்தில் வயலின்
யாரிடமோ வழி கேட்கப் போய்
கேட்காமலே திரும்பி வந்தது.
நான் கேமராவைத் தாழ்த்தினேன்.
காலி மணல் போஸ்டுக்கு ஆகாது.

அப்போதுதான் ஜெனரேட்டர் நின்றது.
வெளிச்சம் திரும்பியும் மிக்சர் திரும்பவில்லை.
இடைவெளியை நிரப்ப
சவுண்டுக்காரப் பையன் எதையோ அமுக்கினான்.
மூன்று சுரம்.

மைதானம் முழுக்கப் பாடியது.
வள்ளத்துக்காரர்கள், வாலண்டியர் பேட்ஜ் குத்தியவர்கள்,
ரசவடை பொரித்துக்கொண்டிருந்த பெண்ணும்
கரண்டியைப் போட்டுவிட்டு
கன்னத்துக்கடியில் கை வைத்துத் தலை சாய்த்து
விளம்பரத்தில் வரும் குழந்தை மாதிரியே.
காப்பிக்குப் போனவர்கள் ஓடி வந்தார்கள்.

யாரும் இதைத் தேடிக் கேட்டதில்லை.
பிடித்த பாட்டைக் காது வைத்துக்கொள்ளும்.
பிடிக்காமலே தினம் விழுந்தது
இன்னும் உள்ளே எங்கேயோ போய்
வாடகையில்லாமல் படுத்துக்கொள்கிறது போல.

டிரம்ஸ்காரன் சேர்ந்துகொண்டான்.
தீர்த்தாவும் மைக் உயிர்த்ததும்
'தூங்கு'வில் ஒரு கமகம் வைத்துப் பாடினாள்,
என் வரிக்குத் தகுதிக்கு மீறி.
அவள் முகத்தை ஜூம் செய்தேன்.
சிரிப்புத்தான்.
இன்னும் கொஞ்சம் ஜூம் செய்துவிட்டு
நிறுத்திவிட்டேன்.

பதினாறு வயதிலிருந்து கவிதை எழுதுகிறேன்.
மொத்தம் படித்தவர்கள் ஒரு வேனில் அடங்குவார்கள்.
இந்த எட்டுச் சொல்லை என்னுடையது என்று
பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன்.
"சும்மா இரி" என்றார்.

ஒன்றரை மணிக்கு லைட்டுகளைக் கழற்றினார்கள்.
படகுச் சரிவில் ஒருத்தி
நைலான் பாயில் பிள்ளையைத் தட்டிக்கொண்டிருந்தாள்:
கடல் தூங்காது, நீ தூங்கு
ஆன்சில் மக்ளே நீ தூங்கு.
கடைப்பேர் போய்விட்டது.
மெத்தையும் போய்விட்டது.
பிள்ளை விழித்தபடி
இன்னொருக்கா என்றது.

திங்கட்கிழமை
பதினான்கு நொடி வீடியோ அனுப்பினேன்.
ஐயாயிரம் தொண்டை, ஒரே பெயர்.
பெனடிக்ட் கூப்பிட்டார்:
"எல்லாம் சரி பிள்ளே, லோகோ தெரியல்லியே."

தீர்த்தாவின் சொந்தப் பாட்டைத் தேடினேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்திருந்தார்கள்.
ஹெட்செட்டில் மூன்று தரம் கேட்டேன்,
மூன்றாம் தரம் கண்ணை மூடி.
அழகியமண்டபம் தாண்டும்போது
அதை முணுமுணுத்துப் பார்த்தேன்.
வாயில் வந்தது
மெத்தை.