மேல்பூச்சு

சுன்னாகச் சந்தையடியில் பெயின்ற் கடை எனக்கு.
மேலதிகப்பற்று எட்டு லட்சம்.

ஆஸ்பத்திரி வீதி வங்கியில்
நிரோஜினி என்ற பிள்ளை
அட்டையை இரண்டு கையாலும் நீட்டியது:
ஆறு மாதம் வட்டியே இல்லை, அண்ணை.
இதால் அதை அடைத்தேன்.
அன்றிரவு பிட்டுக்கு ருசி வந்தது.

ஐந்தாம் மாதம் வேறு வங்கி, வேறு அட்டை,
எறும்பெழுத்தில்
நூற்றுக்கு மூன்று கட்டணம்.

தவமலர் நாட்காட்டியில்
கந்தசஷ்டிக்குப் பக்கத்தில்
தவணைத் திகதியை வட்டமிட்டாள்.
"இது எப்ப முடியும்?"
"மாசிக்குள்ள."
"எந்த மாசி?"

கடைக்கு ஒருவர் வந்தார்.
ஈரச்சுவர், அவசரம், நாளைக்குக் குடிபூரல்.
சுரண்டாமல் அடித்தால் உரியும் என்றேன்.
உரியட்டும், நாளைக்கு நிற்குமோ?

நிற்கும் என்று
இரண்டு வாளி எடுத்து வைத்தேன்.
அவர் அட்டையை நீட்டினார்.