புதன்கிழமைத் தண்ணீர்

சோதனைச் சாவடியில் பெயர் எழுதச் சொன்னார்கள்.
தொழில் என்ற கட்டத்தில்
பீர் முகைதீன் 'டயர்' என்று மட்டும் எழுதினான்.
சகாயமேரி, எலும்பு முறிவு வார்டு.
நான், நகைக்கடன் பிரிவு, வண்ணார்பேட்டைக் கிளை.
ஆளுக்கொரு மண்வெட்டி,
ஆளுக்கொரு புகையிலைப் பொட்டலம்.
அது அட்டைக்கு.

ஐப்பசியும் கார்த்திகையும் தின்றுபோட்ட தடம்
நாலு கிலோமீட்டர்.
பாதை என்று ஒன்று இருந்ததை
மல்லன் காணி மட்டும்தான் நம்பினான்.
எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் உண்ணிச்செடி,
அதன் முள், அதன் பூ,
அந்தப் பூவைப் போன மாதம்வரை
அழகென்று சொல்லிக்கொண்டிருந்த என் வாய்.

முதல் நாள் வெட்டியது இருநூறு அடி.
திரும்பிப் பார்த்தால்
பள்ளிக்கூடப் பிள்ளை தானே எடுத்த வகிடு மாதிரி இருந்தது.
ராத்திரி வனத்துறைக் கொட்டகையில்
காலுறையைக் கழற்றி அட்டை எண்ணினோம்.
சகாயமேரிக்குப் பதினொன்று. எனக்கு நாலு.
பீர் எண்ணவிடவில்லை,
கணக்குத் தெரிந்தால் மயக்கம் வரும் என்றான்.

இரண்டாம் நாள் குறுக்கே ஒரு மரம்.
நாங்கு.
அறுக்க அறுக்க வாள்தான் தேய்ந்தது.
உன் பக்கம், என் பக்கம், உன் பக்கம்,
செங்காவித் தூள் மடியில் கொட்ட
பாதி உடம்பில் பல் சிக்கிக்கொண்டது.
கடப்பாரை போட்டு நெம்பியும் வரவில்லை.
மல்லன் கல்லில் உட்கார்ந்து
கைபேசியில் கோடு ஏறுமா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.
ஒதுங்க மேலே ஏறிய பீர்தான் கூப்பிட்டான்.
வேர்ப்பக்கமாய்ச் சுற்றி
ஒரு புதுத் தடம்,
மேடு பள்ளம் இல்லாமல், வண்டி போகிற அகலத்தில்,
நடுவில் ஆவி அடங்காத விட்டை.
"சொல்லிருக்கலாம்லா வே?"
"நீங்க ஆசையா அறுத்துக்கிட்டிருந்தீங்க."
சகாயமேரி சிரித்த சிரிப்புக்கு
அக்கரையிலிருந்து கருமந்தி பதில் சொன்னது.
வாள் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மூன்றாம் நாள் தண்ணீர் வேலை.
சரிவில் பத்தடிக்கு ஒன்றாய்
குறுக்கே, கொஞ்சம் சாய்த்து, ஒரு முழ வாய்க்கால்.
தடத்தின்மேலேயே ஓடிவரும் நீர்
மண்ணை வழித்துக்கொண்டு போகாமல்
பக்கத்துக் காட்டுக்குள் இறங்கிவிட வேண்டும்.
என் ஏழாவது வாய்க்காலில் அது தயங்கியது.
ஒரு காய்ந்த இலையை முன்னே தள்ளிவிட்டு
இலை போன பிறகு
தானும் திரும்பியது.
யாரும் கைதட்டவில்லை.
நான் சொன்னதைக் கேட்டு ஒன்று திரும்பியதை
அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

திங்கள்கிழமை தராசில் வளையலை வைக்க
விரல் மடங்கவில்லை.
உள்ளங்கையில் மூன்று கொப்புளம்.
"எவ்வளவு குடுத்தாவ?" என்றார் மேலாளர்.
"நாங்கதான் சார் குடுத்தோம். சாப்பாட்டுக்கு எண்ணூறு."
தங்கமென்று கொண்டுவந்த பித்தளையைப் பார்ப்பதுபோல்
என்னைப் பார்த்தார்.

புதன்கிழமை, பாளையங்கோட்டையில்
எங்கள் தெருவுக்கு முறை.
விடியக்காலம் நாலரைக்கு
குழாய் முதலில் இருமியது,
பிறகு காற்று, பிறகு கலங்கல்.
அணை, ஆறு, உறைகிணறு, தொட்டி, குளோரின்,
எத்தனை கை மாறி வந்திருக்கும்.
குடத்தை நகர்த்திவிட்டு
கொப்புளம் உடைந்த கையை நீட்டினேன்.
எரிந்தது.
ஏழாவதா நீ, என்று கேட்டேன்.
குடத்துக்கும் கைக்கும் நடுவில்
அது கொஞ்சம்
தயங்கின மாதிரிதான் இருந்தது.