இங்கே

பஸ் நிலையத்தில் மான் ஒன்று
என் பையை மோந்துவிட்டுப் போகிறது.
கொண்டக்டர் நஸ்மி கத்துகிறான்:
நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை!
ஏறுமுன்பே தெரிந்துவிடுகிறது
எங்கே இறங்குவேன் என்று.

நேற்றிரவு, ஓர்ஸ் ஹில் அறையில்,
கொடுப்பனவு விண்ணப்பம்.
திரைவாசிப்பான் சொன்னது:
இணைப்பு, இங்கே அழுத்தவும்.
இணைப்பு, இங்கே அழுத்தவும்.
இணைப்பு, மேலும்.
பதினொரு இங்கே.
எந்த இங்கே என்னுடையது?

ஏழாவதை அழுத்தினேன்.
சொல்லாமல் கொள்ளாமல்
வேறொரு சாளரம் திறந்திருக்கிறது.
எனக்கு யார் சொல்ல?
பின்செல்லும் விசையைத் தட்டித் தட்டிப் பார்த்தேன்,
அங்கே பின் என்று ஒன்றே இல்லை.
பாதி நிரப்பிய என் பெயர்,
அடையாள அட்டையின் ஆறு இலக்கம்
எந்தக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கின்றனவோ.

"ஒரு கிளிக்தானே, நிரோஜினி?"
கேட்பார்கள், அலுவலகத்தில்.

நஸ்மி கையைப் பிடித்து இழுப்பதில்லை,
பாவம் என்பதுமில்லை.
"அக்கா, உங்கட பஸ் இதுக்குப் பின்னுக்கு நிக்குது.
ரெண்டு படி. கம்பி இடப்பக்கம்."

ரெண்டு படி.
கம்பி இடப்பக்கம்தான்.
கடல் காற்று ஜன்னலால் வருகிறது.
இன்றைக்கு வியாழன்.
விண்ணப்ப முடிவு வெள்ளி.