வாசல் கணக்கு

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் என்னிடம் இரண்டு எண்கள்.
ஒலிபெருக்கிக்குக் கொடுப்பது
இரண்டாயிரத்து நூற்றுப் பதினான்கு.
வாசல் ஸ்கேனர் சொல்வது
நானூற்று ஆறு.
ஏட்டுச் சுரைக்காயைத்தான்
பத்து வருடமாகக் கூவி விற்கிறோம்,
நெப்ராஸ்காவில்,
ஹார்லன் ஃபோர்க் கல்லூரியில்.

நானூற்று ஆறில் முப்பத்தொருவர் பேண்டு வாசிப்பவர்கள்.
ஒருவர் இர்மா நூட்சன்,
சி வரிசை, பதினான்காம் இருக்கை,
நடுவரைத் திட்டுவதற்காகவே சந்தா கட்டுபவர்.
பதினைந்துக்கும் அவரே கட்டுகிறார்.
அதில் அவருடைய கோட்டு உட்காரும்.
அதன் டிக்கெட்டையும் ஸ்கேன் செய்யச் சொல்வார்.
செய்வேன்.
ஆகவே நானூற்று ஐந்து.

மேல்தளத்துக்குக் கறுப்புத் துணி போர்த்தியாயிற்று.
டிவியில் காலி இருக்கை தெரியக் கூடாதாம்.
துணி தெரிகிறது.

கூட்டம் சேர்ப்பதற்குக் கூட்டம் போட்டார்
விளையாட்டு இயக்குநர் டர்க் ஹாஃப்மைஸ்டர்.
இலவச பீட்சா கொடுத்தோம்:
மாணவர்கள் வந்தார்கள், தின்றார்கள்,
பாதி ஆட்டத்துக்கு முன்பே போனார்கள்.
பனியன் பீரங்கி வாங்கினோம்:
சுட்டதில் ஒன்று
ஆளில்லாத எச் வரிசையில் விழுந்து
மார்ச் வரை அங்கேயே கிடந்தது.

ஆட்டம் செவ்வாய் இரவு எட்டரைக்கு.
டிவிக்காரன் குறித்த முகூர்த்தம்.
குழந்தைகள் தூங்கப் போகும் நேரம்.
இறைச்சி ஆலையின் இரண்டாம் ஷிப்ட்
எலும்பிலிருந்து சதையைப் பிரிக்கும் நேரம்.
ஊரில் பாதிப் பேர் அங்கேதான்.
அவர்களிடம் டிக்கெட் விற்க
ஒரு நாளும் நாங்கள் போனதில்லை.
ஐந்து மைல்.

பிப்ரவரியில் பனிப்புயல்.
எதிரணி பஸ் நெடுஞ்சாலையில் உறைந்து நின்றது.
ஆட்டம் மறுநாள் பகல் பன்னிரண்டுக்கு என்றார்கள்.
டிவி வேன் வரவில்லை.
பள்ளிக்கூடம் இல்லை.
ஆலையில் மின்சாரம் இல்லை.
எங்களிடம் ஜெனரேட்டர் இருந்தது,
அதன் புண்ணியத்தில் வெளிச்சமும் சூடும்.
ஸ்கேனர் மட்டும் குளிரில் செத்துப்போனது.
யாரையும் கேட்காமல்
கதவைத் திறந்து வைத்தேன்.

மேஜை டிராயரில் ஒரு பழைய எண்ணி,
கட்டைவிரலால் அமுக்குவது.
டிக்.
ரப்பர் பூட்ஸைக் கழற்றாமலே எவெலியோ,
பின்னால் அவன் மைத்துனர்கள், டிக் டிக் டிக்.
ஆலையை இரவில் கழுவிவிடும் லிபான்,
மூன்று மகள்கள், டிக் டிக் டிக் டிக்.
சூடு தேடி வந்தவர்கள் அவர்கள்.
பந்து தேடி என்று பொய் சொல்ல மாட்டேன்.

கீழ்த்தளம் நிரம்பியதும்
பையன்கள் மேலேறித் துணியை இழுத்தார்கள்.
கிழிந்த பாதியைப் போர்த்திக்கொண்டு
ஆறு பேர் ஒரே போர்வையில்.
இர்மா பதினைந்திலிருந்து கோட்டை எடுத்து
மடியில் வைத்துக்கொண்டார்.
லிபானின் கடைசி மகள் உட்கார்ந்தாள்.
நடுவர் விசில் ஊதினார்.
இர்மா வாய் திறப்பதற்குள்
அவள் சோமாலியில் ஏதோ கத்தினாள்.
"அதேதான்" என்றார் இர்மா.

ஒன்பது புள்ளியில் தோற்றோம்.
கட்டைவிரல் வீங்கியிருந்தது.
ஆயிரத்து முந்நூற்று ஏழு.

என்ன உத்தி என்று கேட்டார் டர்க்,
வெள்ளிக்குள் அறிக்கை வேண்டுமாம்.
எழுதினேன்:
ஞாயிறு பகலில் வையுங்கள்.
ஆலை வாசலுக்கு ஒரு பஸ் அனுப்புங்கள்.
துணியை மறுபடி தைக்காதீர்கள்.
மைக்கில் பொய் எண்ணைச் சொல்லாதீர்கள்.
கடைசி வரியின் மேல் பேனாவை வெகுநேரம் வைத்திருந்தார்.
மற்ற ஆட்டமெல்லாம் டிவிக்கு விற்றாயிற்று,
இரண்டு ஞாயிறுதான் கிடைத்தன.

முதல் ஞாயிறு பஸ் பாதி காலி.
அறிவிப்பாளர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்:
இன்றைய வருகை அறுநூற்று எண்பத்தெட்டு.
கேட்கக் கூச்சமாக இருந்தது.
யாரும் கைதட்டவில்லை.
ஆனால் தலைகள் திரும்பின,
அந்த அறுநூற்று எண்பத்தெட்டு யார் யாரென்று
பார்ப்பதைப் போல.

கோட்டு நீங்கலாக.