நாலில் ஓரடி

வெள்ளவத்தை. மாடிவீட்டின் கீழே வாகனத் தரிப்பிடம்.
இரவு பத்தரை.
கரையோர ரயில் கடக்கும்போது
தட்டில் கிடக்கும் போல்ட்டுகள் சிணுங்குகின்றன.

இடதுபக்க மூடியைக் கழற்றிவிட்டேன்.
பத்து போல்ட். பதினோராவதை
முன்னாள் சொந்தக்காரன் எங்கேயோ தொலைத்து
ஓட்டையில் சிலிக்கோன் பூசியிருந்தான்.

அறுநூற்றைம்பது சீசீ, ஒரே சிலிண்டர்.
பெரிய பியர் போத்தல் ஒன்றுக்குச் சற்றுக் கூட.
அதற்குள்
பால்மா ரின் மூடியளவு பிஸ்ரன்
மேலே போய் நிற்கும், கீழே வந்து நிற்கும்.
மூவாயிரம் சுற்றில் நிமிடத்துக்கு ஆறாயிரம் தரம்
அது நின்றுவிடுகிறது.
மேலே இருந்து ஓட்டுகிறவளுக்குத் தெரிவதில்லை.

இழு, அமுக்கு, எரி, துப்பு.
நாலடியில் ஓரடிதான் சம்பாதிக்கிறது.
மிச்ச மூன்றும்
பிளைவீலிடம் வாங்கிய கடனில்.

ஒற்றையாய் உதைப்பது ஊரையே உதறும்.
அதனால் பக்கத்தில் இரண்டு எடைத்தண்டுகள்:
பிஸ்ரன் எழ அவை சாயும், பிஸ்ரன் விழ அவை எழும்.
அவற்றின் சங்கிலி தளராமல்
விரல்நீள நெம்பு ஒன்று இழுத்துப் பிடிக்கும்.
நெம்பை இழுப்பது ஒரு ஸ்பிறிங்.

ஸ்பிறிங் அரைவாசிதான் இருந்தது.

எப்போது உடைந்தது?
மீமுரே இறக்கத்திலா, மன்னார் மணலிலா,
பேலியகொடைப் பாலத்தில் லொறிகளுக்கு நடுவே
கை விறைத்துப்போன அந்த மழைநாளிலா?
கை விறைத்ததற்குக் குளிரைத்தான் குறைசொன்னேன்.

பஞ்சிகாவத்தையில் நிசாம்தீன்
"இதுக்கு ஸ்பிறிங் இலங்கையிலயே இல்ல" என்றார்.
"வீட்டுக்காரர் வரல்லயா?" என்றும் கேட்டார்.
பைக் என்னுடையது என்றேன்.
கொஞ்சம் பார்த்துவிட்டு
கொப்பி மெசினில் கழற்றியது என்று ஒன்றைத் தந்தார்,
நூற்றைம்பது ரூபா.
ஒரு கிலோ சீனிப் பையைத் தொங்கவிட்டுப் பார்த்தேன்:
பதினாறு மில்லிமீற்றர் இழுபட்டது,
விட்டதும் வீட்டுக்கு வந்தது.

மற்றப் பாதியைத்தான் காணோம்.
காந்தக் கோலை ஒயில் குழிக்குள் இறக்கித் துழாவினேன்.
வந்தது ஒரு வாஷர்,
இந்த எஞ்சினில் எந்த இடத்துக்கும் சேராத வாஷர்.
இரண்டு தரம் மண்ணெண்ணெய் விட்டு அலசினேன்.
முந்தியவன் எடுத்திருப்பான், சொல்லாமல் விட்டிருப்பான்.
அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

பதினொரு போல்ட்டும் பூட்டி, பட்டனை அமுக்க,
ஒரு இருமல். பிறகு
தப், தப், தப்,
தூண்களில் மோதித் திரும்பியது.

காவலாளி பியதிலகவின் மேசையில் பிளேன்ரீ.
போன மாதம் இந்தச் சத்தத்துக்கு
கிளாஸ் விளிம்புவரை நடந்துபோகும்,
அவர் எட்டிப் பிடிப்பார்.
இன்றைக்கு நிற்கிறது.
தேநீரின் மேலே ஒரேயொரு வளையம்,
நடுவிலிருந்து ஓரத்துக்கு,
மறுபடி நடுவிலிருந்து.

"மிஸ், ட்ரெக்டர் ஹரித?"

"ஹரி" என்றேன்,
காதை இடது மூடியில் வைத்தபடி.